அத்தாவின் வண்டியை என்ன செய்தேன் என்றால்

அன்புள்ள தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே முட்டி வலி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, அவற்றோடு நானும் இருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, புரியுதும்மா" என்று விடுகிறாய். குரலைப் பதிந்து அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறவன் நீ. அடுத்த தெருப் பையன் ஒருவன் ஜும்ஆ முடிந்து தோஹாவுக்குக் கிளம்புகிறான். மிளகுத்தூளும் கருவாடும் வைத்த பையில் இதையும் வைத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து, சாப்பிட்ட பிறகு படி. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை உன்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அத்தாவின் லாரி இப்போது நம்முடையது இல்லை. நம் டிரைவர் கலியபெருமாள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். எப்படி அப்படி ஆனது என்பதை மட்டும் பொறுமையாகக் கேள்.

வண்டி நீடாமங்கலத்தில் நின்றது உனக்குத் தெரியும். அது ஒரே நாளில் வந்த கேடு இல்லை. ஒரு வருஷமாகவே இன்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. டீசல் போடுகிற இடத்திலெல்லாம் ஆயிலும் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாத அளவுக்கு நீலப் புகை. லோடோடு பாலம் ஏறினால் மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகும் என்று கலியபெருமாள் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்புக்குள் பயம் இருந்தது. "இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துடணும்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் "இந்த அறுப்பு போகட்டும் கலியபெருமாளு" என்பேன். உன் அத்தாவும் இருந்தவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் ஒரு அறுப்பு போனால் அடுத்த அறுப்பு வந்துவிடுகிறது.

குறுவை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து கிடந்த சமயம். மன்னார்குடிப் பக்கம் மூட்டை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் குடோனுக்குப் போகிறார் கலியபெருமாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நின்று, கேட் திறந்ததும் எடுத்து, தண்டவாளத்தைத் தாண்டியிருக்கிறார். உள்ளே இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம். ஆயில் பிரஷர் முள் அப்படியே படுத்துவிட்டது. உடனே அணைத்திருக்கிறார். அப்புறம் எடுக்கவே முடியவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயைக் கட்டி, வேறு வண்டி பிடித்து, மூட்டைகளை மாற்றுவதற்குள் மழை இறங்கிவிட்டது. எனக்கு அவர் போன் செய்தபோது முதலில் சொன்னது, "அம்மா, நெல்லு நனைஞ்சிருச்சும்மா" என்பதுதான். இன்ஜின் போனதை அதற்கப்புறம்தான் சொன்னார்.

மறுநாள் காலை பஸ் ஏறி தஞ்சாவூர் போனேன். உன் அத்தா காலத்திலிருந்து நம் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் சேவியர், பட்டறை வாசலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். இன்ஜினை இறக்கி மேலிருந்து கீழ்வரை பிரித்துவிட்டிருந்தார்கள். தரையில் பழைய பனியன் துணி விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன். சமையலறையில் பழைய கிரைண்டரைப் பிரித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. என்ன, அதைவிட எண்ணெய் அதிகம்.

சேவியர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "லைனரு, பிஸ்டனு எல்லாம் தேஞ்சுபோச்சும்மா. அது பரவாயில்ல, மாத்திடலாம். கிராங்கைத்தான் ஏற்கெனவே ரெண்டு தரம் உரசியாச்சு, இதுக்கு மேல உரச எடமில்ல. புதுசுதான் போடணும். பிளாக்குல பழைய வெடிப்பு ஒண்ணு இருக்கு, பாய் இருந்தப்ப வெல்டிங்ல பத்த வெச்சது. அது இப்ப மறுபடி வாயத் தொறந்திருக்கு."

"அப்ப செய்யவே முடியாதா?"

"செய்யலாம்மா. செஞ்சா பேருக்குத்தான் பழைய இன்ஜினு. உள்ள அத்தனையும் புதுசா இருக்கும். அப்பவும் அந்த வெடிப்புக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்."

இருந்த வழி மூன்று. இருக்கிற இன்ஜினையே சீர் செய்வது ஒன்று. அதே மாடலில் நல்ல இன்ஜின் எங்காவது கிடைத்தால் வாங்கி மாற்றிப் போடுவது இன்னொன்று. இரண்டும் வேண்டாமென்றால் வண்டியை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது. நம் வண்டியின் உடம்பு நன்றாகவே இருந்தது. சேஸி, கேபின், தொட்டி எல்லாம் உன் அத்தா துரு ஏறவிடாமல் வைத்திருந்தார். அதனால்தான் யாராலும் உடனே ஒரு முடிவு சொல்ல முடியவில்லை.

நான் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் நீ போன் செய்தாய். நினைவிருக்கும். "எவ்வளவு ஆனாலும் அதே இன்ஜினையே செய்யச் சொல்லுங்கம்மா. அத்தா கை பட்டது. நான் அனுப்பறேன்" என்றாய். பிறகு, "நான் வந்து ஓட்டப் போறேம்மா. இங்க முடியல" என்றாய். ரோட்டில் வரிசையாக லாரி போய்க்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். நீயும் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது, தம்பி. அந்த நிமிஷத்திலிருந்து இது இன்ஜினைப் பற்றிய பேச்சாக எனக்கு இல்லை. வண்டியைச் சீர் செய்தால் நீ வந்து அதில் ஏறிவிடுவாய். ஹெவி லைசென்ஸ் இல்லாதவன், கேபினில் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி நாலு ஊர் போய்வந்ததைத் தவிர லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். கொள்முதல் நிலைய வாசலில் நாள் கணக்கில் வரிசையில் கிடப்பாய். தண்ணீர் வராத வருஷம் லோடு இல்லாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பாய். அதை ஒருவர் செய்து நான் பார்த்துவிட்டேன். இன்னொருவர் செய்வதைப் பார்க்க எனக்குக் கண்ணில் சக்தி இல்லை.

சேவியர்தான் விசாரித்துச் சொன்னார், வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் இதே மாடல் வண்டி நிற்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது, கொடுக்கிறார்கள் என்று. நானும் கலியபெருமாளும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளம் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் பெயர் வைரக்கண்ணு. எழுபது வயதிருக்கும். வாழ்நாள் பூராவும் உப்பு ஏற்றியவர். சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மகள் தமிழரசி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். புருஷன் திருப்பூரில். தன் சின்னப் பெண்ணோடு அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகையில் நின்றது. உப்பு தின்று தின்று சேஸி பொரியாகிவிட்டிருந்தது. படியில் கால் வைக்கப் போன கலியபெருமாள் காலை எடுத்துக்கொண்டார். ஆனால் பெரியவர் எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சுவரைத் தடவி, கைப்பிடியைப் பிடித்து, எங்கே கால் வைத்தால் தாங்கும் என்று தெரிந்து ஏறி, ஸ்டார்ட் செய்தார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. கலியபெருமாள் பின்பக்கம் போய்ச் சைலன்சரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஓட்டப் போறது யாரு?" என்று பெரியவர் மேலேயிருந்து கேட்டார்.

"நான்தாங்க."

"குரலு புதுசா இருக்கே. எந்த ஊரு?"

"கூத்தாநல்லூருக்குப் பக்கங்க. பாய் வண்டிங்க. பாய் இப்ப இல்ல. அம்மா வந்திருக்காங்க."

"அம்மா, உப்பு மட்டும் ஏத்தவிடாதீங்க" என்றார். "வாடகை நல்லா வருதுன்னு ஏத்துவாங்க. நான் அப்படித்தான் ஏத்தினேன்." பிறகு அணைத்துவிட்டு, இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தமிழரசி எனக்கு டீ கொடுக்கிற சாக்கில் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கொட்டகையின் பின்சுவர் இடிந்து கிடந்தது. "தினம் காலையில எந்திரிச்சதும் ஏறி ஸ்டார்ட் பண்ணுவாரு அக்கா. கொஞ்ச நேரம் கேட்டுட்டு நிறுத்திடுவாரு. நானும் போனாப் போவுதுன்னு விட்டேன். போன மாசம் ஒருநா கியரப் போட்டுட்டாரு. பின்னால வந்து சுவத்த இடிச்சிருச்சு. எம்பொண்ணு அந்த எடத்துலதான் சொப்பு வெச்சு வெளையாடும். அன்னிக்கு மட்டும் காச்சல்னு உள்ள படுத்திருந்துச்சு." அவள் அழவில்லை. அழுது முடித்தவள்போல இருந்தாள். "சாவிய ஒளிச்சு வெச்சேன். சாவி இல்லாம ஒயரச் சேத்து எடுக்கறாரு. பேட்டரியக் கழட்டினா சாப்பிட மாட்டேங்கிறாரு. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா. நீங்க எடுக்கலன்னா நான் எடைக்காவது போட்டுடுவேன். ஆனா எடைக்குப் போட்டா அவரு தாங்க மாட்டாரு. வேற வண்டியில ஓடும்னா ஒருவேளை தாங்குவாரு."

நான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேதாரண்யத்தில் பஸ் ஏறியபோது எனக்கு மனது ஒரேயடியாக விட்டுப்போயிருந்தது. அந்த மனுஷரின் காலையைப் பிடுங்கிக்கொண்டு வந்து நம் வண்டியில் மாட்டி, அதில் உன்னை ஏற்றி உட்கார வைக்க வேண்டும். இதற்கு எதற்காக நான் இந்த முட்டியோடு அலைய வேண்டும் என்று தோன்றியது. கலியபெருமாளிடம் சொன்னேன், "வேணாங்க. விட்டுடுவோம். நம்ம வண்டியயும் எடைக்குப் போட்டுடுவோம். எனக்குப் போதும்." அவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். திரும்பவில்லை. சரிம்மா என்று மட்டும் சொன்னார். திருத்துறைப்பூண்டியில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் கொய்யாப் பழமும் வாங்கி வந்தார். கொடுத்துவிட்டு, தன் சீட்டில் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கேட்டார்.

"அம்மா, இன்ஜினை நான் வாங்கிப் போடட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு வேற தொழிலு தெரியாதும்மா. வண்டிய நீங்க எடைக்குப் போட்டா நான் இன்னொருத்தர்கிட்ட போயி நிக்கணும். இந்த வயசுல எவன் வெச்சுப்பான்? சின்னப் பசங்க நெறைய இருக்கானுங்க. வண்டி உங்களுதாவே இருக்கட்டும். இன்ஜின் என்னுது. வர்றத ரெண்டு பேரும் பிரிச்சுக்குவோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "பாய் இருந்தப்பவே கேக்கணும்னு இருந்தேன். கேக்கற எடத்துல நான் இல்லியே."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நம் வண்டியில் இருக்கிறவர். உன்னைத் தோளில் தூக்கிக் கந்தூரி காட்டியவர். அத்தாவை அடக்கத்துக்குச் சந்தூக்கில் தூக்கும்போது ஓரத்தில் நின்று, யாராவது கூப்பிட்டால் தோள் கொடுக்கலாமென்று கூப்பிடும்வரை காத்திருந்தவர். நீ கூப்பிட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய அப்பா பண்ணையில் ஆளாக இருந்தார், இவர் நம்மிடம் ஆளாக இருக்கிறார், இத்தனை வருஷத்தில் வண்டியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வாய் திறந்து கேட்க ஒரு இடத்தை நாமும் அவருக்குக் கொடுக்கவில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கூத்தாநல்லூர் வருவதற்குள் யோசித்துவிட்டேன். பாதி இன்ஜின், பாதி வண்டி என்று பிரித்துக்கொண்டால் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு நீ வந்துவிடுவாய். அதனால் இறங்கும்போது சொன்னேன், "இன்ஜினை வாங்கிப் போடுங்க. வண்டியையும் எடுத்துக்கங்க. முடிஞ்சப்ப பணம் குடுங்க. எம்புள்ளைகிட்ட நான் சொல்லிக்கறேன்." அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்தார். வாசலில் பையை வைத்துவிட்டு, "தம்பி கோவிச்சுக்குமேம்மா" என்றார். கோவிச்சுக்கட்டும் என்றேன்.

நீ அனுப்பிய பணத்தை நான் தொடவில்லை. அது உன் பெயரிலேயே இருக்கிறது.

இன்ஜினை இறக்கிய அன்று நானும் வேதாரண்யம் போனேன். போக வேண்டியதில்லைதான். தமிழரசி போனில் "வேற வண்டியில ஓடறதுக்குன்னா சரின்னுட்டாரு அப்பா. நீங்க வாங்க அக்கா, ஒரு பொம்பள கூட இருந்தா எனக்குத் தைரியம்" என்றாள். சேவியர் ஆள்களோடு வந்து கொட்டகையின் கீற்றைப் பிரித்து, மூன்று மரம் நட்டுச் செயின் கப்பி கட்டினார். பெரியவர் வெள்ளை வேட்டி கட்டி, சவரம் செய்துகொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் தயாரானதும், "ஒரு தரம் எடுத்துட்டு நிறுத்திடறேன்" என்றார். தமிழரசி "வேணாம்ப்பா" என்று கையைப் பிடித்தாள். நான்தான் விடு என்றேன். கலியபெருமாள் கூடவே ஏறிக் கியரின்மேல் கை வைத்துக்கொண்டார். இன்ஜின் ஓடியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அவரே அணைத்தார். இறங்கி வந்து, சாவியைக் கலியபெருமாள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

கப்பியில் இன்ஜின் மேலே எழும்பியபோது வண்டியின் முன்பக்கம் பாரம் குறைந்து நாலு விரல் தூக்கிக்கொண்டது. அந்தக் கிறீச் சத்தத்துக்குப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெம்போவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நாங்கள் கிளம்புகிற நேரம், மகளைக் கூப்பிட்டு, "தமிழு, நாளைலேந்து காலைல என்னை எழுப்பி வுடு. நானா எந்திரிக்க மாட்டேன்" என்றார். வண்டி தன்னை விட்டுத் தொலைந்தால் போதும் என்று என்னிடம் கெஞ்சியவள் அப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் திருடிவிட்டு வருவதைப் போலிருந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தையை நினைத்துத் தூங்கியிருக்க மாட்டேன். இரண்டில் எது சரி என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. சில முடிவுகளில் சரி என்று ஒரு பக்கமே கிடையாது. எது நடந்தால் நாளைக்கு ஒருவர் உயிரோடு இருப்பார் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

நம் வண்டியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. சேவியர் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார். அத்தாவின் பழைய இன்ஜினை என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். தேறிய சாமான்களைச் சேவியர் எடுத்துக்கொண்டார். மீதி இரும்புக் கடைக்குப் போனது. ஒரு போல்ட்டைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. இன்ஜின் நம்பரை மாற்றிப் பதியவும், பெயர் மாற்றவும் கலியபெருமாளோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலைந்து தடவை நடந்தேன். கையெழுத்துப் போட்டு முடித்த அன்று வாசலில் அவர், "வண்டி முன்னால தம்பி பேரு எழுதியிருக்கேம்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அழித்துவிட்டு உங்கள் பெண் பெயரை எழுதுங்கள் என்றேன். அந்தப் பெண் நர்சிங் படிக்கிறாள், உனக்குத் தெரியுமே. அவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, பிறகு எழுதினார். எழுதிய பிறகு காட்டுவதற்குக் கொண்டுவந்து நிறுத்தினார். நன்றாக இருந்தது.

சம்பா அறுப்பு லோடு இப்போது போய்க்கொண்டிருக்கிறது. வேதாரண்யம் பக்கம் ஒரு நாள் போன கலியபெருமாள், பெரியவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவர் கேட்கட்டும் என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டாராம். பெரியவர் வெளியே வரவில்லை. "போகச் சொல்லு" என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டாராம். கலியபெருமாளுக்கு அதில் வருத்தம். எனக்கு வருத்தமில்லை. பெரியவர் சொன்னது சரிதான் என்று பட்டது. இப்போது பேத்தி சொப்பு விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று தமிழரசி சொன்னாள். விளையாடுகிறாரா என்று கேட்டேன். இல்லை, உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

இனி நான் சொல்லப்போவதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். அத்தாவுக்கு அந்த வண்டிதான் உயிர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் மௌத்தாகி அடக்கத்துக்கு வந்தபோது கேபினில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அத்தா அந்த வண்டியை நேசிக்கவில்லை, தம்பி. அவர் சவூதியில் இருந்தபோது ஒவ்வொரு போனிலும் வந்துவிடுகிறேன் வந்துவிடுகிறேன் என்பார். நான் வாங்க என்பேன். "வந்து என்ன செய்யறது, சும்மா உக்காந்திருந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்பார். அப்படியே வருஷம் போயிற்று. கடைசியில் யாரோ ஒருவர் லாரி போடலாம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு வந்தார். விமானத்தை விட்டு இறங்கிய வாரமே வண்டி பார்க்கப் போய்விட்டார். லாரி ஓட்ட வந்தேன் என்று ஊருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பதிலுக்குத் தீனி போடவே அவருடைய உடம்பு போயிற்று. துருப் பிடிக்காமல் வைத்திருந்தார் என்றால் அது ஆசையால் இல்லை, பயத்தால். அது நின்றுவிட்டால், அப்புறம் நீ எதற்கு இங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபடி, கலியபெருமாள் காலையில் வண்டி எடுக்கிற சத்தத்துக்குக் காத்திருப்பார். கேட்க ஆசைப்படுகிறார் என்று நானும் நினைத்தேன். ஒருநாள் என்னிடம் சொன்னார், "அது கெளம்பிப் போயிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

நான் களைத்துப் போயிருக்கிறேன். புகார் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன். அறுபது வயதில் இன்ஜினைப் பற்றியும் கிராங்கைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். போதும். இனி யாருக்காகவும் எந்த வண்டியையும் காப்பாற்றி வைக்க என்னால் ஆகாது. உன்னை அங்கேயே இரு என்று சொல்லவில்லை. அங்கே முடியல என்று நீ சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. முடியவில்லை என்றால் வா. ஆனால் ஓட்டுவதற்கு ஒரு வண்டி இருக்கிறது என்று வராதே, கடை போடப் போகிறேன் என்று வராதே, பெண் வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும் என்று எதையாவது தேடிப் பிடித்துக்கொண்டு வராதே. உன் அத்தா அப்படித்தான் வந்தார். வந்தும் அவர் வீட்டில் இல்லை.

படித்ததும் கோபம் வரும். கோபத்தோடேயே போன் பண்ணு, பரவாயில்லை, நான் எடுக்கிறேன். கத்தி முடி. முடித்த பிறகு என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல். வந்து என்ன செய்வாய் என்று இந்த வீட்டில் உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். ஊரில் கேட்டால், அம்மா கூப்பிட்டாள், வந்தேன் என்று சொல்.

துஆவோடு,
அம்மா